ஏழரை மார்க்

பழைய அட்டையில் ஈரம் பட்டுவிட்டால் துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். துடைத்தால் மை இழுபடும், மேல்தாள் நார்நாராக எழும்பிவிடும். மை ஒற்றும் தாளை மேலே வைத்து, உள்ளங்கையால் மூன்று எண்ணும்வரை அழுத்தி, நேராகத் தூக்கி எடுத்து, அடுத்த தாளை வைக்க வேண்டும். அவசரமான வேலைதான், ஆனால் கை அவசரப்படக் கூடாது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஏழாவது தாளில் சிவப்பு வெளிறிப்போயிற்று. பதினொன்றாவது தாளில் ஒன்றுமே ஒட்டவில்லை.

மஹேஷ் என் இடது காலுக்கு ஓரடி தள்ளிக் கிடந்தான். மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸ் ஏன் கூப்பிடவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், ஸ்ரீப்ரியா மேடம். அட்டை ஈரமாக இருந்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஸ்டேஷன் ரைட்டர் வேலாயுதன் சார் வாக்குமூலம் எழுத வசதியாக முதலிலிருந்து வருகிறேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் மலையாளத்தில் எழுதுகிறார். பாறசாலைக்காரர், தமிழ் வெள்ளம்போல வரும் என்றார். அவர் சொன்ன வெள்ளம் மலையாளத்து வெள்ளம், வெறும் தண்ணீர்தான். எங்கள் தமிழில் அது பிரளயம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் ஒரு சொல்லுக்கு இரண்டு வாசல் உண்டு. அதனால் நான் சொல்கிற சொல்லையே அவர் எழுத வேண்டும். அது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

பெயர் ஸ்ரீகண்டன். வயது நாற்பத்தொன்பது. வலியசாலையில் சொந்த வீடு, தனி ஆள். சாலைக் கம்போளத்தில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருபத்தாறு வருஷமாக வேலை. கல்யாணப் பத்திரிகைதான் அதிகம். எந்த நிறத்தில் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு சிவப்பு என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். மிஷின் அப்புறம்தான் ஒத்துக்கொள்ளும்.

கார்டு என்றதும் நீங்கள் சீட்டாட்டத் தகராறு என்று நினைத்துவிட்டீர்கள். தப்பில்லை. இது வேறு கார்டு. 1987-இல் டும்டும் என்று ஒரு பபிள்கம் வந்தது. பாக்கெட்டுக்குள் கிரிக்கெட்காரர் படம் போட்ட அட்டை ஒன்று இருக்கும். மொத்தம் அறுபது. நாற்பத்தேழாம் நம்பரில் கம்பெனி ஒரு தப்புப் பண்ணிவிட்டது. இடது கையால் பந்து போடுகிறவரின் படத்தைத் திருப்பி அச்சடித்து, அவரை வலதுகைக்காரர் ஆக்கிவிட்டார்கள். ஒரே வாரத்தில் தெரிந்து நிறுத்திவிட்டார்கள். அந்த வாரம் வெளியே போனதில் இன்றைக்கு மிச்சம், எங்களுக்குத் தெரிந்து, நாலே நாலு.

அதில் ஒன்று மஹேஷுக்குக் கிடைத்தது. கிழக்கேகோட்டையில் வெற்றிலைபாக்கு விற்கிற முறுக்கான் கடையில் நாங்கள் சேர்ந்துதான் போய் நின்றோம். கடைக்காரர் உள்ளங்கையில் இரண்டு பாக்கெட்டை வைத்து நீட்டினார். நான் இடப்பக்கம் இருந்ததை எடுத்தேன். அவன் வலப்பக்கம் இருந்ததை எடுத்தான். முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. அந்த உள்ளங்கை எனக்கு இன்னும் ரேகையோடு ஞாபகம் இருக்கிறது.

இப்போது இந்தியா முழுக்க இதைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கூரியரில் எனக்கு அட்டை அனுப்புவார்கள். மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் நிற்கிறதா — இந்த நாலையும் லென்ஸ் வைத்துப் பார்த்துப் பத்துக்கு மார்க் போட்டுத் திருப்பி அனுப்புவேன். நான் போடுகிற மார்க்தான் விலை. ஏழரைக்கு மேலே யாருக்கும் கொடுத்ததில்லை. பத்து என்பது அச்சாகி வெளியே வந்த அந்த ஒரு நொடியில் இருக்கும். அப்புறம் ஆள் கை பட்டுவிடுகிறதே.

அதனால் மஹேஷ் எனக்கு ஏழரை என்று பெயர் வைத்தான். சனிக்கிழமைதோறும் ஸ்ரீவராகத்தில் அவன் வீட்டுக்குப் போவேன் என்பதால் அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

"ஏழரை வந்தாச்சு," என்பாள் அவன் மனைவி ஸ்நேகா, உள்ளேயிருந்தே. "அதுவும் சனிக்கிழமை பாத்து. காப்பிக்கு இன்னிக்கி எத்தன மார்க் தருவேள்?"

"ஆறு."

"போன வாரம் ஆறரையாக்கும் தந்தேள்."

"டிகாக்ஷன் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு."

மஹேஷ் உப்பேரியை மென்றுகொண்டே சிரிப்பான். "பொண்ணு பாக்கப் போனப்பவும் இவன் இப்படித்தானாக்கும், ஸ்நேகா. எட்டுப் பேருக்கு மார்க் போட்டான். ஒருத்தியும் பாஸாகல."

"எட்டுப் பேரும் தப்பிச்சா," என்பாள் அவள்.

நானும் சிரிப்பேன். எனக்கு நகைச்சுவை உண்டு. ஆனால் என் கண் அவன் விரலில் இருக்கும். நேந்திரங்காய் உப்பேரி தின்ற அந்த எண்ணெய் விரலால்தான் அவன் ஆல்பத்தைப் புரட்டுவான். நாற்பத்தேழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டுவான். கேபிள் டிவி பையனுக்குக்கூடக் காட்டியிருக்கிறான். ஒரு தடவை அதை விசிறியாக்கிக் காபியை ஆற்றினான். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மஹேஷின் பெண் மீராவுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அதற்காக அவன் தன் கலெக்ஷனை மொத்தமாகக் கொடுத்துவிட முடிவு பண்ணினான். கொச்சியில் ராகேஷ் என்று ஒரு வியாபாரி. அவன் தன் நிபுணரோடு இங்கே வந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. என் மார்க் இருக்கிற அட்டையை இன்னொருவன் பார்ப்பது மரியாதை இல்லை. இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். நாற்பத்தேழு எனக்குத்தான் என்று மஹேஷ் எப்போதோ சொல்லியிருந்தான். "வித்தா மத்ததெல்லாம் விப்பேன், அத விக்க மாட்டேன். அது நம்ம ரெண்டு பேரோடதாக்கும்" என்பான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினான். பின்னால் நெடுமங்காடு, ஆற்றுக்கால் என்று ஒரே கூச்சல். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"கண்டா, அந்த ராகேஷோட ஆள் எல்லாத்தையும் பாத்தாச்சு. எல்லாம் சரியாக்கும். நாப்பத்தேழ மட்டும் மாத்தி வெச்சிருக்கேன். நாளைக்கு ஆத்துக்கு வா, நேர்ல பேசிக்கலாம்."

மாத்தி வெச்சிருக்கேன். எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலமான செயல் கிடையாது. அசலை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் போலியை வைப்பது. நாற்பது வருஷ நண்பன் எனக்குப் போலியைக் கொடுத்துவிட்டு அசலைக் கொச்சிக்காரனுக்குத் தள்ளப் போகிறான். ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, லென்ஸும் மை ஒற்றும் தாள் கட்டும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு நடந்தே போனேன். ஒற்றும் தாள் எதற்கு என்று கேட்கலாம். அது எப்போதும் என் பையில் இருக்கும்.

ஸ்நேகாவும் மீராவும் கரமனையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மஹேஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.

"வாடா ஏழரை. காப்பிக்கு ஆளில்ல. மார்க் போட இன்னிக்கி நோக்கு ஒண்ணும் கெடையாது."

மேஜைமேல் ஆல்பங்கள் அடுக்கியிருந்தன. மேலே அவன் அப்பாவின் மளிகைக்கடை எடைக்கல், ஐந்து கிலோ, இரும்பு, பிடிக்க வளையம் வைத்தது. அட்டை வளையாமல் இருக்க ஆல்பத்தின்மேல் கனம் வை என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, எனக்கு முதுகு காட்டிப் பீரோவைத் திறந்தான். "ஒரு நிமிஷம். பாத்தியானா நீயே அசந்து போவே," என்றான்.

நான் வளையத்தில் கை கொடுத்து எடைக்கல்லைத் தூக்கி, அவன் தலையின் பின்பக்கம் வலது காதுக்கு மேலே அடித்தேன். ஒரு தடவைதான். ஈரத் தேங்காயை உடைக்கும் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், அப்படி இல்லை. அட்டைக் கட்டைக் கீழே போட்டதுபோல மந்தமாக இருந்தது. மண்டையின் அந்த இடம் உள்ளே போய்விட்டது. மூலை மழுங்கிவிட்டது என்று நாங்கள் சொல்வோமே, அதுபோல. பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டே மெல்ல இறங்கினான். கதவின் கண்ணாடியில் அவன் கை வழியே ஒரு சிவப்புக் கோடு கீழ்வரைக்கும் நேராக வந்தது.

அவன் கையில் இருந்த பழுப்பு உறை தரையில் விழுந்து, உள்ளேயிருந்து நாற்பத்தேழு பாதி வெளியே வந்தது. இரத்தம் ஓடி வந்து அதன் கீழ் மூலையைத் தொட்டது.

அப்போது அவன் ஒரே ஒரு சொல் சொன்னான். "நோக்கு," என்றான். அந்த உறைப் பக்கம் விரலைக் காட்டினான். வேலாயுதன் சார் இதைப் 'பார்' என்று எழுதியிருக்கிறார். மலையாளத்தில் அது சரி. எங்கள் வீடுகளில் நோக்கு என்றால் 'உனக்கு'. எது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லை மட்டும் தருகிறேன்.

பிறகு அவன் வலது கை மொபைலைத் தேடிப் போயிற்று. நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது அது. நான் எடைக்கல்லை அந்த விரல்களின்மேல் வைத்தேன். போட்டேன் என்று எழுத வேண்டாம். வைத்தேன். மூன்று விரல் உடைந்திருந்ததாக டாக்டர் சொல்லியிருக்கிறார்; கனமான கல், அதனால் இருக்கலாம். அதன்பின் அவன் கையை அசைக்கவில்லை. நான் சம்மணமிட்டு உட்கார்ந்து, அட்டையை எடுத்து, முதல் தாளை வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்நேகாவும் மீராவும் வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். "ஏழரை, கல்யாணச் சாப்பாடு வேண்டாம்னு ஓடி வந்துட்டோம், வெயில் தாங்கல," என்று சொல்லிக்கொண்டே ஸ்நேகா செருப்பைக் கழற்றினாள். காப்பி போட வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். போலீஸுக்குப் போன் செய்தது மீரா. நான் அதுவரைக்கும் எங்கேயும் போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதுதான் நேற்று நான் சொன்னது. கையெழுத்தும் போட்டேன்.

இன்று காலையில் நீங்கள் அந்தப் பழுப்பு உறையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தீர்கள், மேடம். மேலே மஹேஷின் கோழிக்கிறுக்கல். 'ஏழரைக்கு. அம்பது வயசுக்கு.' அடுத்த மாதம் எனக்கு ஐம்பது பிறக்கிறது.

"ஸ்ரீகண்டா, மாற்றி வெச்சு என்னு பறஞ்ஞால் எடுத்து வெச்சு என்னல்லே?" என்று கேட்டீர்கள். உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாற்றி வைப்பது என்றால் மலையாளத்தில் தனியாக எடுத்து வைப்பது. சேலைக்கடையில் ஒரு சேலையைக் காட்டி, இதை மாற்றி வையுங்கள், நாளைக்கு வருகிறேன் என்பார்கள். நாற்பத்தேழை மட்டும் கொச்சிக்காரனுக்குக் காட்டாமல் எனக்காகத் தனியே வைத்திருக்கிறான். மஹேஷின் நாக்கில் இரண்டு பாஷையும் ஒன்றாகக் கிடந்தது. பாதி வாக்கியம் எங்களுடையது, பாதி உங்களுடையது. நான் அதைத் தமிழாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து எனக்காக வருத்தப்பட்டீர்கள். வேலாயுதன் சார் பேனாவை மூடிவிட்டு, "கஷ்டம்" என்றார்.

நான் இந்த ஊரில் பிறந்தவன், மேடம். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். மாற்றி வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

இத்தோடு விட்டிருக்கலாம். நீங்களும் விட்டிருப்பீர்கள். ஆனால் மத்தியானம் இன்னொரு காகிதம் வந்தது. ராகேஷின் நிபுணரிடம் நாற்பத்தேழைக் காட்டி எழுதி வாங்கியிருக்கிறீர்கள். அதில் இரண்டு வரி. ஒன்று, இது போலி. இரண்டு, வேலை மட்டம்.

நீங்கள் வாசித்துவிட்டு, அப்படியானால் மஹேஷ் உண்மையிலேயே ஏமாற்றத்தான் பார்த்திருக்கிறான், கேஸ் எனக்குக் கொஞ்சம் இளகும் என்றீர்கள். வெளியே பெஞ்சில் ஸ்நேகா உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் அப்படிச் செய்யமாட்டார் என்றுகூட அவள் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவள் புருஷன் பெயர் கெடக் கூடாது.

நேற்றைய வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்தை அடிக்க வேண்டும். 'மாத்தி வெச்சிருக்கேன்' என்று இருக்கிறதே, அதில் கடைசி 'ன்'. மஹேஷ் அதைச் சொல்லித்தான் இருப்பான். நான் கேட்டது அது இல்லாமல்.

மாத்தி வெச்சிருக்கேன் என்றால் நான். மாத்தி வெச்சிருக்கே என்றால் நீ. வாயில் வரும்போது இரண்டுக்கும் நடுவே மூக்கு வழியாக விடுகிற ஒரு துளி மூச்சுதான் வித்தியாசம். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் ஊதினால் அது கேட்காது. எல்லாம் சரியாக்கும், நாப்பத்தேழ மட்டும் மாத்தி வெச்சிருக்கே, நேர்ல பேசிக்கலாம். எனக்குக் கேட்டது இதுதான். வேறு யாராக இருந்தாலும், என்னடா சொல்றே என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. மாற்றி வைத்திருந்தேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மார்க் போடச் சொல்லி மஹேஷ் நாற்பத்தேழை என்னிடம் கொடுத்தான். இரண்டு வாரம் வைத்திருந்தேன். அதே வருஷத்து டும்டும் அட்டை, நாற்பத்தொன்றாம் நம்பர், என்னிடம் ஏழெட்டு உபரியாக இருந்தது. ஒன்றை நீராவியில் காட்டி முன்தாளை உரித்தேன். முதுகு அசல். அந்த முதுகில் நாற்பத்தொன்றின் ஒன்றை ஏழாக்க ஒரே ஒரு கோடு போதும். அதைப் போட மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். முன்பக்கத்தைப் பிரஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன். அந்தக் காலத்து மஞ்சள் கொஞ்சம் பச்சையடித்திருக்கும், அதைக்கூடக் கொண்டுவந்தேன். மூலையை என் நகத்தால் மழுங்கச் செய்தேன். அதற்கு ஏழரை மார்க் போட்டு மஹேஷிடம் கொடுத்தேன். "ஏழரைகிட்டயே ஏழரை வாங்கியாச்சு," என்று அவன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எட்டு வருஷம் தினம் அதை எடுத்துப் பார்த்தவன் அவன். எத்தனையோ சேகரிப்பாளர்கள் அவன் வீட்டுக்கு வந்து கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அதைப் போய் மட்டமான வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வரியையும் திருத்தினால் நல்லது.

அசல் என் வீட்டில் சுவாமி அலமாரியில், பஞ்சாங்கத்துக்குக் கீழே இருக்கிறது. அதன்மேல் இந்த எட்டு வருஷத்தில் ஒரு விரல் எண்ணெய் படவில்லை. மஹேஷிடம் இருந்திருந்தால் இந்நேரம் நாலு மார்க் தேறாது. அந்த விதத்தில் நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

உறையில் எழுதியிருந்ததை எப்போது பார்த்தேன் என்கிறீர்கள். முதல் தாளுக்கும் இரண்டாவது தாளுக்கும் நடுவே. ஆமாம், அவன் சொன்ன நோக்கு எந்த நோக்கு என்று அப்போதே புரிந்தது. அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்பதும் புரிந்தது. இரண்டாவது தாளை வைத்தேன்.

வேலாயுதன் சார் அறையில் பொறுக்கிய தாள்களின் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்கிறார். மொத்தம் முப்பத்துநாலு தாள். பதினொன்றாவதே வெள்ளை, அதற்கப்புறமும் எல்லாமே வெள்ளை. அதுவும் போலி அட்டை, நீங்களே செய்தது, உங்களுக்குத் தெரியும். பின்னே எதற்கு மீதி இருபத்துமூன்று தாள் என்கிறார்.

கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. அவன் மூச்சு நிற்க அவ்வளவு நேரம் ஆயிற்று.